சட்டத்தின் முன் சமம்: தாடியஸ் ஸ்டீவன்ஸின் வாழ்வும் பணியும்

அமெரிக்க அடிமை ஒழிப்பு வரலாறு நம் பள்ளிப் பாடநூல்களில் பெரும்பாலும் ஒரே பெயரோடு முடிந்துவிடுகின்றது. மரக்குடிலில் பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த ஆபிரகாம் லிங்கனின் பெயர் அது. லிங்கனின் பெருமையைக் குறைத்துரைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் 1863 சனவரி முதல் நாள் அவர் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் ஒரு போர்க்கால ஆணையே. கிளர்ச்சியில் ஈடுபட்டிருந்த பகுதிகளுக்கு மட்டுமே அது உரியதாக இருந்தது. அவ்வாணையை நாடு முழுமைக்கும் உரிய நிலைத்த சட்டமாக்கவும், விடுதலை பெற்றோருக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் பெற்றுத் தரவும் சட்டமன்றத்துக்குள் ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள் வேறு சிலர். அவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் பென்சில்வேனியா மாநிலத்தின் தாடியஸ் ஸ்டீவன்ஸ்.

இவர் பெயர் நம்மிடையே பரவாமைக்குக் காரணம் உண்டு. இவர் மறைந்த பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அமெரிக்க வரலாற்றாசிரியர் பலர் இவரைத் தென்மாநிலங்களின்மீது பழிவெறி கொண்ட முதியவராகவே எழுதி வந்தனர். 1915ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு புகழ்பெற்ற மௌனப் படத்தில் இவரை மாதிரியாகக் கொண்ட பாத்திரம் அருவருக்கத்தக்க வகையில் படைக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டு கறுப்பின அறிஞர் டு போய்ஸ் அக்காலத்தைப் பற்றி எழுதிய பெருநூலும், அதன்பின் வந்த ஆய்வுகளும் அச்சித்திரத்தை மெல்ல மெல்ல மாற்றின. 2012ஆம் ஆண்டு லிங்கனைப் பற்றி வந்த திரைப்படத்தில் அதே ஸ்டீவன்ஸ் மதிப்புக்குரியவராகத் தோன்றியதைச் சிலர் பார்த்திருக்கலாம்.

நாம் இவரைத் தேர்ந்துகொண்டதற்கு வேறொரு காரணம் உண்டு. "இன்று முதல் நீ அடிமையல்லை" என்று சட்டம் சொல்லிவிடுகின்றது. அச்சொல்லைக் கேட்டவன் மறுநாள் காலையில் எந்த மண்ணில் நிற்பான்? எதை உண்பான்? தன் பிள்ளையை எங்கே படிக்க வைப்பான்? இவ்வினாக்களை அமெரிக்க மன்றத்தில் விடாது எழுப்பியவர் ஸ்டீவன்ஸ். அவற்றுள் சிலவற்றுக்கு அவர் விடை கண்டார். ஒன்றில் தோற்றார். அத்தோல்வியின் விளைவை நெடுங்காலம் பலர் சுமந்தனர்.

தாயின் உழைப்பு

வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் என்னும் சிற்றூரில் 1792 ஏப்ரல் 4ஆம் நாள் ஸ்டீவன்ஸ் பிறந்தார். நான்கு ஆண்மக்களுள் இரண்டாமவர். பிறவியிலேயே ஒரு பாதம் கோணல். மூத்த மகனுக்கோ இரண்டு பாதங்களுமே கோணல். தந்தை செருப்புத் தைத்தும் நில அளவை செய்தும் பிழைத்தவர். ஒருநாள் அவர் குடும்பத்தை விட்டு நீங்கிவிட்டார். நான்கு சிறுவர்களையும் வளர்க்கும் சுமை தாய் சாராவின் தோள்மீது விழுந்தது.

உடலுழைப்புக்கு ஏலாத மகனுக்குக் கல்வியே ஊன்றுகோல் என்று அத்தாய் எண்ணினார். உயர்நிலைப் பள்ளி இருந்த பீச்சம் என்னும் ஊருக்குக் குடும்பத்தோடு பெயர்ந்தார். மகன் அங்கே படித்து, டார்ட்மத் கல்லூரியில் 1814ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னாளில் வழக்கறிஞராகப் பொருள் ஈட்டியபோது தாய்க்கு ஒரு பண்ணையை வாங்கித் தந்தார். தாயின் கல்லறையில் ஆண்டுதோறும் ரோசாச் செடிகள் நட வேண்டுமெனத் தம் இறுதி உயிலிலும் பணம் ஒதுக்கினார். மன்றத்தில் எவரையும் நாவால் சுட்டுவிடும் மனிதர் என்று பெயரெடுத்தவரின் உயில் இது.

பட்டம் பெற்றபின் பென்சில்வேனியாவின் யார்க் நகரில் ஆசிரியப் பணி செய்துகொண்டே சட்டம் பயின்றார். 1816ஆம் ஆண்டு கெட்டிஸ்பர்க்கில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் உள்நாட்டுப் போரின் பெரும்போர் நிகழ்ந்ததும், லிங்கன் புகழ்பெற்ற சிற்றுரையை ஆற்றியதும் அதே ஊரில்தான். அடிமை முறை நிலவிய மேரிலாந்து மாநிலத்தின் எல்லை அங்கிருந்து சில மைல் தொலைவே. ஆதலின் எல்லை கடந்து வந்த அடிமைகள் பற்றிய வழக்குகள் அவ்வூர் வழக்கறிஞர்களிடம் அடிக்கடி வந்தன.

வென்றும் வெல்லாத வழக்கு

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் மறைக்க விரும்பும் பகுதி ஒன்று உண்டு. நாம் அதை மறைக்கப் போவதில்லை. ஸ்டீவன்ஸின் வாழ்வைப் புரிந்துகொள்ள அதுவே திறவுகோல் என்பது நம் கருத்து.

சாரிட்டி பட்லர் என்பவர் மேரிலாந்தில் அடிமையாக இருந்த பெண். அவரை வேலைக்கு வைத்திருந்த குடும்பத்தார் எல்லை தாண்டிப் பென்சில்வேனியாவுக்குச் செல்லும்போதெல்லாம் அவரையும் உடன் கொண்டு சென்றனர். பென்சில்வேனியாவில் 1780ஆம் ஆண்டின் படிப்படியான அடிமை ஒழிப்புச் சட்டம் நடப்பில் இருந்தது. வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை ஆறு மாதத்துக்கு மேல் அம்மாநிலத்தில் தங்கினால் விடுதலை பெறுவார் என்பது அதன் ஒரு விதி. தாம் தங்கிய நாள்களைக் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டும் என்றும், ஆகவே தாமும் தம் பிள்ளைகளும் உரிமை உடையவர்கள் என்றும் சாரிட்டி பட்லர் வழக்காடினார்.

அவருக்கு எதிராக, உடைமையாளர் பக்கம் நின்று வாதாடியவர் இளம் வழக்கறிஞர் தாடியஸ் ஸ்டீவன்ஸ்! ஆறு மாதம் என்பது தொடர்ச்சியாக இருக்க வேண்டும், விட்டுவிட்டுத் தங்கிய நாள்களைக் கூட்டலாகாது என்பது அவர் வாதம். 1821ஆம் ஆண்டு மாநில உயர்நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. தாயும் பிள்ளைகளும் அடிமைத்தனத்துக்குத் திரும்பினர்.

சட்டத்தின் சொல்லைப் பொறுத்தவரை அவ்வாதம் பிழையற்றதாகவே இருக்கலாம். ஆனால் ஒரு நாள்கணக்கு ஒரு தாயின் வாழ்நாளை விழுங்கிற்று. 1823ஆம் ஆண்டு சுதந்திர நாள் விருந்தில் ஸ்டீவன்ஸ் எழுந்து, நாட்டின் அடுத்த தலைவர் எந்த மனித உயிருக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்க வேண்டும் என்று வாழ்த்துக் கூறினார். அடிமை உடைமையாளரே பெரிதும் தலைவர்களாக இருந்த காலம் அது. அதன்பின் தப்பியோடி வந்த அடிமைகளுக்காகக் கட்டணமின்றி வாதாடும் வழக்கறிஞராக அவர் அறியப்பட்டார். சட்டத்தின் எழுத்து யாரைக் கட்டும், யாரை விடுவிக்கும் என்பதைப் பட்லர் வழக்கில் நேரே கண்டவர், அவ்வெழுத்தையே மாற்றும் இடத்துக்குச் சென்றார் என்று நாம் கொள்வது பொருந்தும்.

இலவசக் கல்விக்கான போர்

1833ஆம் ஆண்டு ஸ்டீவன்ஸ் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கல்விக் கூடத்தின் மலரில் எழுதுகின்றோம் ஆதலால் அங்கே அவர் ஆற்றிய ஒரு பணியைச் சற்று விரித்துரைப்பது கடமையாகின்றது.

அதற்குமுன் பென்சில்வேனியாவில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி இல்லாமல் இல்லை. ஆனால் பெற்றோர் "நாங்கள் வறியவர்" என்று முன்வந்து பதிவு செய்துகொண்டால்தான் அது கிடைக்கும். தன்மானமுள்ள ஏழை தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமலே இருந்துவிடுவான். 1834ஆம் ஆண்டு இம்முறை நீங்கி, வரிப்பணத்தில் நடைபெறும் பொதுப்பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியவை என்னும் சட்டம் வந்தது. வந்த வேகத்தில் எதிர்ப்பும் கிளம்பிற்று. பிள்ளையில்லாதவரும் செல்வரும் "பிறர் பிள்ளை படிக்க நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும்?" என்று கேட்டனர். முறையீடுகள் குவிந்தன. ஸ்டீவன்ஸின் சொந்தத் தொகுதியிலும் எதிர்ப்பே ஓங்கியிருந்தது. மாநிலச் செனட் அச்சட்டத்தை நீக்கும் மசோதாவை நிறைவேற்றிவிட்டது. கீழவையிலும் அவ்வாறே ஆகிவிடும் என்று அனைவரும் எதிர்பார்த்தனர்.

1835 ஏப்ரல் 11ஆம் நாள் ஸ்டீவன்ஸ் பேசினார். குற்றமே செய்யாத நல்ல உழவனும் சிறைச்சாலைக்கும் குற்றவியல் நீதிமன்றத்துக்கும் வரி கட்டுகின்றான். தனக்கு அதனால் நேரடிப் பயன் கிடைக்கவில்லையே என்று அவன் முறையிடுவதில்லை. அவ்வாறிருக்கக் குற்றங்களைத் தடுக்கும் பள்ளிக்குக் கொடுக்க மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? இது அவர் தொடுத்த வினா. பழைய முறை ஏழையின் நெற்றியில் சூடு போடும் முறை என்றார். மசோதா தோற்றது. பொதுப்பள்ளிச் சட்டம் நிலைத்தது. ஒரே ஓர் உரையால் மன்றத்தின் மனம் மாறியது என்பது அரிதாகவே நிகழ்வது. தம் வாழ்நாளில் செய்தவற்றுள் இதனையே மிகப் பயனுள்ள பணியாக ஸ்டீவன்ஸ் கருதினார்.

1837-38இல் மாநில அரசியலமைப்பைத் திருத்தி எழுத ஒரு மாநாடு கூடிற்று. அதில் ஸ்டீவன்ஸும் உறுப்பினர். வாக்காளர் பற்றிய விதியில் 'வெள்ளையர்' என்னும் ஒரு சொல்லைப் புகுத்தி, அதுவரை சில பகுதிகளில் வாக்களித்து வந்த கறுப்பின மக்களின் உரிமையை மாநாடு பறித்தது. அவ்வாவணத்தில் கையொப்பமிட ஸ்டீவன்ஸ் மறுத்துவிட்டார்.

அவருடைய மாநில அரசியலில் புகழத்தகாத பக்கங்களும் உள்ளன. இரகசியச் சங்கமான மேசன்களுக்கு எதிரான கட்சியில் இருந்துகொண்டு, கண்டவரையெல்லாம் விசாரணைக் கூண்டில் ஏற்ற முயன்றார். 1838 திசம்பரில் தேர்தல் முடிவு பற்றிய தகராறு முற்றி, சினங்கொண்ட கூட்டம் செனட் அவைக்குள் புகுந்தபோது கோணற்காலோடு பின்புறச் சன்னல் வழியே குதித்துத் தப்பினார். எதிர்க்கட்சியினர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தனர்.

லங்காஸ்டர் இல்லம்

இரும்பு உருக்காலை ஒன்றில் முதலீடு செய்து பெருங்கடன்பட்ட ஸ்டீவன்ஸ், கடனை அடைக்கும் பொருட்டு வழக்குகள் மிகுந்த லங்காஸ்டர் நகருக்கு 1842ஆம் ஆண்டு குடிபெயர்ந்தார். அவர் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. கலப்பினப் பெண்மணியான லிடியா ஹாமில்டன் ஸ்மித் என்பவர் அவ்வில்லத்தையும் அவர்தம் வரவு செலவுகளையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கவனித்து வந்தார். ஊரார் வம்பு பேசினர். ஸ்டீவன்ஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. அம்மையார் விருந்தினர் முன்னிலையிலும் மரியாதையோடு நடத்தப்பட்டார் என்பது அக்காலத்துக்குச் சிறிய செய்தியன்று. அவரும் தம் சேமிப்பைக் கொண்டு வீடுகள் வாங்கித் தாமே ஒரு சொத்துடைய வணிகரானார். தப்பியோடி வந்த அடிமைகளை வடக்கே அனுப்பிவைக்கும் மறைமுக அமைப்பில் ஸ்டீவன்ஸுக்குப் பங்கு இருந்தது. அவர் இல்லத்தை ஒட்டி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில், மறைவிடமாகப் பயன்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் கருதும் ஒரு நிலவறைத் தொட்டி கண்டெடுக்கப்பட்டது.

1848ஆம் ஆண்டு தேர்தலில் வென்று வாஷிங்டன் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றார். அடிமைகள் நலமாகவும் மகிழ்வாகவும் வாழ்கின்றனர் என்று தென்னாட்டு உறுப்பினர் பேசுவது அங்கு வழக்கம். 1850இல் ஸ்டீவன்ஸ் அதற்கு ஒரு மறுமொழி தந்தார். விரும்பும் அடிமைகள் உரிமை பெறட்டும், விரும்பும் உரிமை மக்கள் அடிமைகளாகட்டும். நீங்கள் சொல்வது உண்மையானால் உங்களுக்கு அடிமைகள் குறையவே மாட்டார்களே என்றார். அவ்வாண்டே நிறைவேறிய தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார்.

அச்சட்டத்தின் விளைவு அவர் வாயிலுக்கே வந்தது. 1851 செப்டம்பர் 11ஆம் நாள் லங்காஸ்டர் மாவட்டத்துக் கிறிஸ்டியானா என்னும் ஊரில், தப்பி வந்தவர்களைப் பிடிக்க மேரிலாந்திலிருந்து ஆள்களோடு வந்த எட்வர்ட் கார்சச் என்னும் உடைமையாளர், எதிர்த்து நின்ற கறுப்பின மக்களோடு ஏற்பட்ட மோதலில் கொல்லப்பட்டார். முப்பத்தெட்டுப் பேர்மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. முதலில் கூண்டேறியவர் காஸ்ட்னர் ஹான்வே என்னும் வெள்ளையர். ஆணைக்கு உதவ மறுத்தார் என்பதே அவர்மீதிருந்த குற்றச்சாட்டின் சாரம். அவருக்காக வாதாடிய குழுவில் ஸ்டீவன்ஸ் இருந்தார். நடுவர் குழு கால் மணி நேரத்திலேயே குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. ஏனையோர் மீதிருந்த குற்றச்சாட்டுகளும் நிற்கவில்லை. முன்பு உடைமையாளருக்காக நீதிமன்றத்தில் நின்றவர், முப்பது ஆண்டுகளுக்குப் பின் எந்தப் பக்கம் நின்றார் என்பதைக் காண்க.

போர்க்காலம்

1853இல் சபையை விட்டு விலகிய ஸ்டீவன்ஸ் 1859இல் குடியரசுக் கட்சி உறுப்பினராக மீண்டும் வந்தார். வயது அறுபத்தேழு. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது நாட்டின் வரவு செலவைத் தீர்மானிக்கும் நிதிக்குழுவின் தலைவர் அவரே. போருக்கான வரியும் கடனும் காகிதப் பணமும் அவர் கையின் வழியே சட்டமாயின. அதே வேளையில், அடிமை முறையைத் தொடாமல் போரை வெல்ல இயலாது என்று லிங்கனை ஓயாது நெருக்கினார். கறுப்பினப் படைவீரருக்கு வெள்ளையருக்கு நிகரான ஊதியம் வேண்டும் என்றும் வாதாடினார்.

1863 சூனில் தென்னவர் படை பென்சில்வேனியாவில் நுழைந்தபோது, தளபதி ஜூபல் ஏர்லியின் ஆணைப்படி ஸ்டீவன்ஸின் உருக்காலை முற்றாக எரிக்கப்பட்டது. ஆலைக்கு அவர் இட்டிருந்த பெயர் கலிடோனியா. அவர் பிறந்த மாவட்டத்தின் பெயர் அது. செய்தி அறிந்தபோது அவர் எழுதிய மடலில், வேலையிழந்த ஏழைக் குடும்பங்களின் உடனடி வாழ்வுக்குத் தாம் வழி செய்ய வேண்டும் என்பதே முன்னின்றது.

அடிமை முறையை அடியோடு ஒழிக்கும் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் 1865 சனவரி 31ஆம் நாள் பிரதிநிதிகள் சபையில் 119க்கு 56 என்னும் கணக்கில் நிறைவேறிற்று. அம்மாதத் தொடக்கத்தில் எதிர்க்கட்சியினர் "எல்லா வகையிலும் இரு இனமும் சமம் என்பதுதானே உன் கொள்கை?" என்று அவரைச் சீண்டினர். வெகுண்டெழுந்து "ஆம்" என்று சொல்லியிருந்தால் ஊசலாடிய வாக்குகள் விலகியிருக்கும். ஸ்டீவன்ஸ், தாம் கோருவது சட்டத்தின் முன் சமம் என்பதே என்று சொல்லி அமர்ந்தார். நாவடக்கம் அறியாதவர் நாவடக்கிய அரிய நேரம் அது.

நிலம் என்னும் வினா

1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். துணைத் தலைவராயிருந்த ஆண்ட்ரூ ஜான்சன் தலைவரானார். தென்மாநிலங்களில் பழைய ஆண்டைகளே மீண்டும் ஆட்சிக்கு வந்தனர். 'கறுப்பர் சட்டங்கள்' எனப்பட்ட விதிகள் அங்கு இயற்றப்பட்டன. வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பினத்தவரை நாடோடி எனப் பிடித்துத் தண்டம் விதிக்கலாம். தண்டம் கட்ட இயலாதவனை வேலைக்கு விற்கலாம். மிசிசிப்பி மாநிலம் நகரங்களுக்கு வெளியே நிலத்தை வாடகைக்குப் பெறவும் அவர்களுக்குத் தடை விதித்தது. விலங்கு கழன்றது, விலங்கு பூட்டியவனின் வயலே பிழைப்புக்கு வழி என்றாயிற்று.

இதனைத்தான் ஸ்டீவன்ஸ் முன்னறிந்து பேசினார். 1865 செப்டம்பர் 6ஆம் நாள் லங்காஸ்டரில் ஆற்றிய உரையில் அவர் ஒரு கணக்கை முன்வைத்தார். கிளர்ச்சிக்குக் காரணமான பெருநிலக்காரர் ஏறத்தாழ 70,000 பேர். அவர்களிடமும் அம்மாநில அரசுகளிடமும் உள்ள நிலம் 39 கோடியே 40 இலட்சம் ஏக்கர். அதனைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற வயது வந்த ஆடவர் ஒவ்வொருவருக்கும் 40 ஏக்கர் வழங்கினால் ஏறத்தாழ 4 கோடி ஏக்கர் போதும். எஞ்சியதை விற்றுப் போர்க்கடனை அடைக்கலாம்; போரில் ஊனமுற்றோருக்கும் இறந்தோர் குடும்பங்களுக்கும் ஓய்வூதியம் தரலாம். தென்னாட்டு மக்களுள் பத்தில் ஒன்பது பேரின் சொத்தை இத்திட்டம் தொடவே தொடாது என்றும் அவர் விளக்கினார்.

வெறும் கற்பனை என்று இதனைத் தள்ளலாகாது. அவ்வாண்டு சனவரியில் தளபதி ஷெர்மன் பிறப்பித்த ஆணையால் தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரைப் பகுதிகளில் ஏறத்தாழ 40,000 பேர் நிலத்தில் குடியேறிப் பயிர் செய்துகொண்டுதான் இருந்தனர். ஜான்சன் அந்நிலங்களைப் பழைய உடைமையாளருக்கே திருப்பித் தர ஆணையிட்டார். முளைத்த பயிரோடு மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

1866 பிப்ரவரியில் ஸ்டீவன்ஸ் நிலம் பற்றிய தம் திருத்தத்தைச் சபையில் கொண்டுவந்தார். 37 பேர் ஆதரித்தனர். 126 பேர் எதிர்த்தனர். எதிர்த்தவருள் அவர் கட்சியினரே மிகப் பலர். வாக்குரிமை கொடுக்கத் துணிந்தவர்கள் சொத்துரிமையைத் தொட அஞ்சினர். தெற்கே இன்று நிலத்தைப் பிரித்தால் நாளை வடக்கே ஆலையைப் பிரிக்கச் சொல்வார்களோ என்ற அச்சமும் இருந்தது. 1867 மார்ச்சில் மீண்டும் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதுவும் சட்டமாகவில்லை. பறிமுதல் திட்டத்தில் தண்டிக்கும் எண்ணமும் கலந்திருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஸ்டீவன்ஸே அதை மறைத்ததில்லை. ஆயினும் நிலமில்லாத விடுதலை பெற்றோர் வாரத்துக்கு உழுது, விளைச்சலில் பாதியை நிலக்காரனுக்கு அளந்து, கடைக்காரனிடம் பட்ட கடனில் தலைமுறை தலைமுறையாக மூழ்கியதை அடுத்த எண்பது ஆண்டு வரலாறு காட்டுகின்றது. பணமும் நிலமும் ஆண்டையிடம் இருந்தமையால் வாக்குரிமையையும் எளிதில் பறிக்க முடிந்தது.

பதினான்காம் திருத்தம்

நிலத்தில் தோற்றவர் சட்டத்தில் வென்றார். மறுசீரமைப்புக்கான கூட்டுக்குழுவில் பிரதிநிதிகள் சபையின் சார்பில் தலைமை ஏற்ற ஸ்டீவன்ஸ், பதினான்காம் திருத்தத்தைச் சபையில் நடத்திச் சென்றார். அமெரிக்க மண்ணில் பிறந்தோர் யாவரும் குடிமக்கள். எந்த மாநிலமும் எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கலாகாது என்பது அதன் உள்ளீடு. செனட்டில் அது பல இடங்களில் நீர்த்துப்போய்த் திரும்பிற்று. வாக்குரிமை அதில் நேரடியாக உறுதி செய்யப்படவில்லை. 1866 சூன் 13ஆம் நாள் இறுதி வாக்கெடுப்புக்கு முன் ஸ்டீவன்ஸ் தம் ஏமாற்றத்தை மறைக்காமல் பேசினார். பழுதுள்ள கட்டடம் என்று தெரிந்தும் அதனை ஏற்பதாகவும், தாம் வானவரிடையே வாழாமல் மனிதரிடையே வாழ்வதே அதற்குக் காரணம் என்றும் கூறினார். 1867 மார்ச் 2ஆம் நாள் நிறைவேறிய மறுசீரமைப்புச் சட்டம், தென்மாநிலங்களில் கறுப்பின ஆடவருக்கு வாக்களிக்கும் வழியைத் திறந்தது.

அத்திருத்தத்தின் சமப் பாதுகாப்பு விதி பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்தது. 1954ஆம் ஆண்டு பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவ்விதியையே ஆதாரமாகக் கொண்டது. நம் இந்திய அரசியலமைப்பின் 14ஆம் பிரிவிலும் 'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' என்னும் தொடர் உள்ளது. அத்தொடரின் மூலம் அமெரிக்கப் பதினான்காம் திருத்தமே. பிரிவின் எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.

1868இல் ஜான்சனைப் பதவி நீக்கும் முயற்சிக்கு ஸ்டீவன்ஸ் முன்னின்றார். பிப்ரவரி 24ஆம் நாள் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டிற்று. நடக்க இயலாத அவரை இரு இளைஞர் நாற்காலியில் வைத்து அவைக்குத் தூக்கிச் செல்வர். நீங்கள் இறந்துபோனால் என்னை யார் தூக்குவார் என்று அவர்களிடம் அவர் கேட்டதாகச் சொல்வர். செனட்டில் 35 பேர் குற்றவாளி என்றனர். 19 பேர் இல்லை என்றனர். மூன்றில் இரு பங்குக்கு ஒரு வாக்குக் குறைந்தது. சட்ட நுணுக்கத்தில் அவ்வழக்கு வலுவற்றதே என்பது நம் கருத்தும் ஆகும்.

கல்லறை

1868 ஆகஸ்டு 11ஆம் நாள் நள்ளிரவில் வாஷிங்டனில் ஸ்டீவன்ஸ் காலமானார். பதினான்காம் திருத்தம் மாநிலங்களின் ஒப்புதல் பெற்று அரசியலமைப்பில் சேர்ந்ததை அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கண்டுவிட்டார். அவர் உடல் நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில் வைக்கப்பட்டது. கறுப்பினப் படைவீரர் காவல் நின்றனர். லங்காஸ்டர் இறுதி ஊர்வலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர். இறந்துவிட்டார் என்று அறிந்தே அவர் தொகுதிக் கட்சியினர் அடுத்த தேர்தலுக்கு வேட்பாளராக அவர் பெயரையே முன்மொழிந்தனர்.

ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் அமைய வேண்டும், அங்கே இனத்தாலோ நிறத்தாலோ வேறுபாடு காட்டலாகாது, அனைவரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். அவ்விருப்பத்தின் வழியில் 1905ஆம் ஆண்டு லங்காஸ்டரில் தொழிற்பள்ளி ஒன்று தோன்றியது. இன்று அது அவர் பெயர் தாங்கிய தொழில்நுட்பக் கல்லூரி.

லங்காஸ்டரின் பெரிய இடுகாடுகளில் கறுப்பினத்தவரை அடக்கம் செய்ய இடமில்லை என்று விதி இருந்தது. ஸ்டீவன்ஸ் அவற்றை ஒதுக்கிவிட்டு, எவருக்கும் தடையில்லாத ஒரு சிறிய இடுகாட்டைத் தமக்கெனத் தேர்ந்திருந்தார். தனிமையை விரும்பி அன்று, பிற இடங்களில் இனத்தைக் காட்டி மனிதரைத் தடுக்கும் விதி இருப்பதாலேயே இங்கு உறங்குகின்றேன் என்னும் பொருளில் அவர் தாமே எழுதி வைத்த வாசகம் கல்லில் பொறிக்கப்பட்டது.

உயிலின்படி கிடைத்த பணத்தையும் தம் சேமிப்பையும் கொண்டு லிடியா ஸ்மித் அம்மையார் அவ்வில்லத்தை விலைக்கு வாங்கினார். 1884ஆம் ஆண்டு மறைந்த அவர், தம் கத்தோலிக்கத் திருச்சபையின் இடுகாட்டில் அடக்கமானார். ஸ்டீவன்ஸின் கல்லறையைப் பராமரிக்க அவரும் தம் உயிலில் பணம் எழுதி வைத்திருந்தார்.